கைவினைக்கு வரும் எங்கள் தங்கைமார்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் கைப்பணிக் கண்காட்சியைத் தொடக்கி வைத்து, கண்காட்சிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கண்காட்சியை ஒழுங்கு செய்த குழுவின் சார்பில் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். மண்டபத்தில் பன்னிரண்டு மேசைகள் இருக்கின்றன. பத்திக் சீலை, பனையோலைக் கைப்பை, கைத்தறித் துணியில் தைத்த குழந்தைச் சட்டை, களிமண் ஆபரணம், கைத்தையல் போட்ட தலையணை உறை என்று ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொன்று. மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் எமது கல்லூரியில் படித்து வெளியேறிய பிள்ளைகள். ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விற்பவர்கள் இவர்களில் எவரும் இல்லை. மாதிரியை மனதில் காண்பவரும் அதைக் கையால் செய்து முடிப்பவரும் ஒருவரே.

எங்கள் காலத்தில் தையல் பாடம் என்று ஒன்று இருந்தது. சங்கிலித் தையல், குறுக்குத் தையல், காஜா எடுத்தல் எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகப் போட்டு, ஆசிரியையிடம் காட்டிப் புள்ளி வாங்கினோம். பிறகு அந்தத் துணி அலுமாரிக்குள் போய்விட்டது. கல்யாணச் சந்தையில் "பிள்ளை தையலும் அறிஞ்சவ" என்று சொல்லிக்கொள்ள உதவியதே தவிர, அது ஒரு தொழிலாகும் என்று எமக்கு எவரும் சொல்லவில்லை. இன்று அதே கைவேலையைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்து, சிலர் வங்கி உத்தியோகத்தையும் விட்டுவிட்டு இங்கே நிற்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டோம். இந்த எண்ணம் உமக்கு எங்கிருந்து வந்தது? இதை விடாமல் செய்ய உமக்கு என்ன வேண்டும்?

முதற் கேள்விக்கு வந்த பதில்கள் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி தந்தன. பத்திக் செய்யும் தங்கை, கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர். அந்தத் தூண்களில் உள்ள பூவும் கொடியும்தான் அவருடைய சீலைத் தலைப்பில் வருகின்றன. தலையணை உறை தைப்பவர் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைத் தன் வீட்டு மொட்டைமாடியில் இருந்து நாள்தோறும் காண்பவர். களிமண் ஆபரணம் செய்பவருக்கு ஆடிவேல் தேரின் மணிகளும் குஞ்சங்களும் மாதிரி. செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி வரையும் அந்தத் தேர் வரும்போது, தகப்பனின் தோளில் இருந்து பார்த்தவராம். பனையோலைப் பை செய்பவருக்கு அம்மம்மாவின் குசினிதான் பள்ளிக்கூடம். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், கொட்டைப்பெட்டி என்று அங்கே இருந்த ஒவ்வொன்றின் பின்னலும் அவருக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கலை செய்வது இந்தக் கொழும்புக்குப் புதியதல்ல. பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் கட்டுவித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன்தான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் வேலைகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, 1908இல் 'மத்தியகால சிங்களக் கலை' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அந்தப் பயணங்களில் உடன் சென்று நிழற்படங்கள் எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் எதெல் தானே தறியில் இருந்தார், மரஞ்செடிகளில் இருந்து சாயம் எடுக்கக் கற்றார், அதைப் பற்றி நூலும் எழுதினார். எதெல் மெயிரெட் என்ற பெயரில் பிரித்தானியக் கைத்தறியின் முன்னோடியாக இன்று அறியப்படுபவர் அவரே. எங்கள் நாட்டுக் கைகள் செய்ததைக் கண்டு ஓர் ஆங்கிலப் பெண் கைவினைக்கு வந்தார் என்றால், இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் வருவதில் வியப்பென்ன?

அடுத்தவர் பாபரா சன்சோனி. 1928இல் பிறந்து 2022இல் மறைந்தவர். காலி வீதியில் இருக்கும் பெயார்ஃபுட் கடையை அறியாதவர் எம்மில் இருக்க மாட்டார். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியைக் கொடைக்கானலிலும் ஓவியப் படிப்பை இங்கிலாந்திலும் முடித்தவர் அவர். எங்கள் கடலும் வயலும் பறவைகளும் அவர் துணிகளில் நிறக்கோடுகளாக வந்தன. பழைய வீடுகளையும் விகாரைகளையும் விறாந்தைகளையும் கோட்டுச் சித்திரங்களாக வரைந்து வைத்தவரும் அவரே. ஆனால் அவர் தறிக்கு வந்த கதையை நாம் கவனிக்க வேண்டும். நல்லாயன் சபைக் கன்னியர்கள் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு நெசவு பழக்கி வந்தார்கள். அந்தச் சபையின் தலைவியாக இருந்த ஐரிஷ் அருட்சகோதரி, எங்கள் பிள்ளைகளின் துணிக்கு நீர் நிறமும் மாதிரியும் சொல்லித் தாரும் என்று இவரைக் கேட்டார். அந்த வேலைதான் வளர்ந்து, 1964இல் பெயார்ஃபுட் ஆனது. கொட்டாஞ்சேனையில் நல்லாயன் கன்னியர் மடத்து மதிலைக் கடந்து போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் ஈனா டி சில்வா. 1922இல் பிறந்து 2015இல் மறைந்தவர். 1960ஆம் ஆண்டளவில் தன் மகனோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் வேலையைத் தொடங்கினார். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் ஹோட்டல் கட்டியபோது, முன்மண்டபத்தின் கூரை உட்பக்கம் முழுவதையும் பத்திக் துணியால் அமைக்கும் வேலை ஈனாவிடம் வந்தது. சீலை, சட்டை என்று உடலில் உடுத்ததை அண்ணாந்து பார்க்கும் கூரையாக்கியது அந்த வேலை. பின்னர் மாத்தளையில் தன் பூர்வீக ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் பூத்தையலும் பழக்கினார். அந்தப் பெண்களின் வேலை நாட்டின் பெரிய கட்டிடங்கள் பலவற்றுக்குப் போனது.

இந்த இருவரையும் நாம் வெறும் புகழ்ச்சிக்காக நினைவுபடுத்தவில்லை. இருவருக்கும் அபாரமான கண் இருந்தது, உழைப்பும் இருந்தது. அவற்றோடு வசதியான குடும்பமும் பின்னால் இருந்தது. ஈனாவின் தகப்பனாரும் கணவரும் பொலிஸ் மா அதிபராக இருந்தவர்கள். ஒரு துணி விற்காவிட்டாலும் அடுத்த நாள் அடுப்பு எரியும் என்ற நிலை. அதற்கும் மேலாக, இருவரிடமும் யாரோ ஒருவர் வந்து, இதைச் செய்து தாருங்கள் என்று வேலை கொடுத்தார்கள். ஒருவருக்கு அருட்சகோதரி, மற்றவருக்குக் கட்டிடக் கலைஞர். கேட்டு வாங்க ஆள் இருந்ததால் அந்தக் கைகள் நின்றுபோகவில்லை.

இனி எங்கள் தங்கைமாரின் இரண்டாவது பதிலுக்கு வருகிறோம். இதை விடாமல் செய்ய என்ன வேண்டும் என்று கேட்டபோது, எவரும் விருது கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. "அக்கா, மாதத்துக்கு ஒரு நிச்சயமான ஓடர் இருந்தால் காணும்" என்றார் ஒருவர். "நூலும் சாயமும் வாங்க முற்பணம் தந்தால் காணும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சிரித்துக்கொண்டு, "விலையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருந்தாலே காணும்" என்றார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளை வரும் தை மாதத்தோடு இதை விட்டுவிட்டுக் காரியாலய வேலை தேடப் போவதாகவும் சொன்னார். கடந்த சில ஆண்டுகளுக்குள் இவரைப் போல் நாலைந்து பேர் விட்டுப் போனதை நாங்கள் அறிவோம். அவர்களின் ஊற்று வற்றவில்லை. வாங்க ஆளில்லாமல் போனார்கள்.

விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை ஒருமுறை பார்ப்போம். பத்திக் சீலையில் முதலில் மாதிரியைக் கீற வேண்டும். எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அந்த இடத்தை உருக்கிய மெழுகால் மூடி, இளநிறச் சாயத்தில் தோய்த்துக் காயவிட வேண்டும். பிறகு அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி அடுத்த சாயம். இப்படி இளநிறத்தில் இருந்து கடும் நிறம் வரை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மெழுகு, ஒரு தோய்ப்பு, ஒரு காய்தல். முடிவில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்ற வேண்டும். இடையில் ஒரு சொட்டு மெழுகு தவறி விழுந்தால் அந்த அடையாளம் துணியில் நின்றுவிடும். மழை பெய்தால் காய்வதற்கு இன்னும் ஒரு நாள். மெழுகு உருக்க எரிபொருள், சாயம், துணி எல்லாம் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எந்த விலைக்குப் போயின என்பது குடும்பம் நடத்தும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஓலை வேலையும் அப்படித்தான். விரியாத குருத்தை மரத்தில் ஏறி வெட்ட ஒருவர் வேண்டும். அதை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, வேண்டியதைச் சாயத்தில் அவித்து, மறுபடி காயவைத்த பிறகுதான் பின்னல் தொடங்கும். எங்கள் தங்கை கொழும்பில் பையை வடிவமைத்துப் பிடியும் உள்துணியும் தைக்கிறார். ஓலையைப் பதப்படுத்தி நிறமிட்டு அனுப்புபவர்கள் வடக்கில் இருக்கும் பெண்கள். நாம் இங்கே குறைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் முதலில் போய்த் தட்டுவது அந்தப் பெண்களின் கதவைத்தான். கைத்தறித் துணியில் சட்டை தைப்பவருக்கு மருதமுனை நெசவாளர்களோடும் இதே உறவு.

காலி வீதிக் கடைகளில் பத்திக் போலவே அச்சிட்ட துணி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வாங்கும்போது துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்டது பெரும்பாலும் பின்புறம் மங்கிக் கிடக்கும். தோய்த்தெடுத்த பத்திக்கில் இரு பக்கமும் நிறம் ஒன்றாக ஊறியிருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து மெல்லிய இழைகள் ஓடியிருக்கும். ஒரு சீலையில் இருக்கும் இழை இன்னொன்றில் வராது. அச்சுத் துணி வேண்டியவர் அதை வாங்கட்டும், குற்றமில்லை. அதன் விலையை இதற்குக் கேட்காமல் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். டொக்டர், என்ஜினியர், எக்கவுண்டன்ட் என்ற மூன்று கதவுகளுக்கு முன்னால் எமது பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பழகிவிட்டோம். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட சமூகம் நாம். கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் எங்கே போனாலும் பிழைக்கலாம் என்ற பயத்தில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. ஆனால் இன்று இந்தத் துறைக்கும் முறையான படிப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப் படிப்பாக இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் படிக்கலாம். 2021இல் எமது நாட்டின் தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. கைவேலை படிப்பில்லாதவர்களுக்கு என்ற பழைய எண்ணத்தை வீட்டில் இருந்தே கழற்ற வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்கம் தானே வேலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் விருந்தினர்களுக்குப் பொன்னாடை வாங்குகிறோம், பரிசளிப்புக்குப் பிளாஸ்டிக் கேடயம் வாங்குகிறோம், ஆண்டுக் கூட்டத்துக்குப் பை அடிக்கிறோம், வாழ்த்து மடல் அச்சிடுகிறோம். வெளியே போகும் இந்தப் பணத்தின் ஒரு பகுதியாவது எங்கள் தங்கைமாரிடம் போகட்டும். பொன்னாடைக்குப் பதில் கைத்தறிச் சால்வை, கேடயத்துக்குப் பதில் பனையோலைப் பேழை. கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா கிளைகள் தங்கள் விருந்துகளுக்கும் இதைச் செய்யலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவர்கள் திட்டமிட்டு வேலை செய்வார்கள்.

இரண்டாவது, வேலை கொடுக்கும்போதே பாதிப் பணம் கொடுக்க வேண்டும். நூலுக்கும் சாயத்துக்கும் கடை கடன் தராது. வசதியான வீடு பின்னால் இல்லாத பிள்ளைக்கு அந்த முற்பணம்தான் வீடு.

மூன்றாவது, ஒவ்வொரு பொருளிலும் செய்தவர்களின் பெயர் இருக்கட்டும். வடிவமைத்தவர் பெயரோடு, ஓலை பதப்படுத்திய பெண்ணின் பெயரும் நெய்தவரின் பெயரும் ஊரும் சிறு துண்டில் எழுதப்படட்டும். நூறு வருடமாகக் கைவேலை செய்த பெண்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. எமது கல்லூரித் தையல் அறையில் கற்பித்த ஆசிரியைகளின் பெயர்களைத் தேடி இந்த மலருக்காகச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. அடுத்த நூறு வருடமாவது அப்படி ஆகாமல் இருக்கட்டும்.

தலைவி அவர்கள் முதல் வேண்டுகோளை நிர்வாகக் குழுவில் எடுத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எமது நன்றி. வரும் பரிசளிப்பு விழாவுக்கான வேலையைத் தை மாதத்துக்கு முன்பே ஒப்படைத்தால், போக இருக்கும் ஒரு பிள்ளையாவது நிற்பார்.

உரையை இத்துடன் நிறுத்துகிறோம். மேசைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. தயவுசெய்து ஒவ்வொன்றிலும் நின்று, துணியைத் திருப்பிப் பாருங்கள், எப்படிச் செய்தீர் என்று கேளுங்கள், சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.