கடற்காற்றாலையும் போர்பாய்ஸும்

வடகடலின் ஜெர்மானியப் பகுதியில், காற்றாலைகளைத் தாங்கும் எஃகுத் தூண்களைக் கடலடியில் அறைந்து இறக்கும்போது எழும் ஓசை, ஓங்கிலுக்கு உறவான போர்பாய்ஸ் என்னும் சிறு பாலூட்டியைப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு விரட்டிவிடுகிறது. எதிரொலியைக் கொண்டே இரை தேடும் அவ்வுயிருக்குச் செவி பழுதானால் பிழைப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணை அதற்குக் கண்டிப்பான பாதுகாப்பு அளிப்பதால், தூணிலிருந்து 750 மீட்டரில் ஓர் அடியின் ஒலியாற்றல் 160 டெசிபலைத் தாண்டலாகாது என்று ஜெர்மனி வரையறுத்துள்ளது (நீரடி டெசிபலின் அடிப்படை வேறாதலால், காற்றில் கேட்கும் டெசிபலோடு இதை ஒப்பிடுவது பிழை). இதற்கெனத் துளையிட்ட குழாய்களைத் தூணைச் சுற்றிக் கிடத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்தி, ஒலியை மட்டுப்படுத்தும் குமிழித் திரை எழுப்புகின்றனர். விலங்கு எழுப்பும் சொடுக்கொலிகளைப் பதியும் கருவிகள், அது எப்போது திரும்புகிறது என்பதைக் காட்டுகின்றன. எனினும் அருகிலிருந்தும் அது ஒலி எழுப்பாதிருக்கக் கூடுமாதலால், வான்வழிக் கணக்கெடுப்பும் உடன் நடத்தப்படுகிறது.