சிற்றோவியத்தில் துப்பாக்கியும் தாய்மையும்



அக்பர்நாமா ஏடுகளுள் ஒரு காட்சி உண்டு. 1568-ஆம் ஆண்டு சித்தோர் முற்றுகையில் அக்பர், ‘சங்கிராம்’ என்னும் தம் துப்பாக்கியால், கோட்டைத் தலைவன் ஜைமலைச் சுட்டு வீழ்த்துகிறார். ஓவியன் அதனை வீரச்செயலாகவே தீட்டினான். வீழ்ந்தவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளுக்கு அவ்வேட்டில் இடமில்லை.

அதே அவைக்கு 1580-இல் ஏசு சபைத் துறவியர் வந்தனர். அவர்கள் கொணர்ந்த மேரி மாதாவின் படங்களைக் கண்டு, மொகலாய ஓவியர் குழந்தையை அணைத்த தாயையும் வரைந்தனர். கொல்லும் கருவியும் காக்கும் கையும் இவ்வாறு ஒரே கலையில் அடுத்தடுத்து வாழ்ந்தன. அவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியவர்கள் நம் காலத்துக் கலைஞர்களே.

லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் மாணவர் இம்மரபை இன்றும் பயில்கின்றனர். தாள்களை அடுக்கி ஒட்டி ‘வஸ்லி’ செய்வர். சிப்பியால் தேய்த்து மெருகேற்றுவர். அணில் மயிர்த் தூரிகையால் புள்ளி புள்ளியாக நிறமேற்றுவர். கையகலப் படத்திற்கே பல வாரங்கள் ஆகும்.

அங்குப் பயின்ற இம்ரான் குரேஷி, 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மேல்மாடித் தரையில் செவ்வண்ணத்தைச் சிதறவிட்டார். தொலைவில் நின்றால் அது குருதிக்கறை. குனிந்து நோக்கினால் கறைக்குள்ளே சிற்றோவியத்து இலைகளும் இதழ்களும் விரியும்.

அம்பிரீன் பட் என்னும் அம்மையாரும் அக்கல்லூரியில் கற்று, அமெரிக்காவில் குடியேறியவர். ‘என் பெயரைச் சொல்’ என்னும் வரிசையில், ஆளில்லா விமானத் தாக்குதல்களில் மாண்ட குழந்தைகளின் பெயர்களைத் தாளில் பொறித்து, கிழித்து, ஒட்டிப் படமாக்கினார். அங்கே தாயின் உருவம் இல்லை. ஆயினும் இழந்த குழந்தையின் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவள் தாயன்றி வேறு யார்?

இத்துணைச் சிறிய படம் ஒரு குண்டைத் தடுக்குமா என்று நீங்கள் கேட்கலாம். தடுக்காது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுடுபவனுக்குத் தொலைவு வேண்டும். தொலைவிலே மனிதன் வெறும் இலக்காகிவிடுகிறான். சிற்றோவியமோ நம்மை அருகே அழைக்கிறது. முகத்தருகே முகம் வைத்துப் பார்ப்பது தாயின் பார்வை. அப்பார்வை பழகிய கை எளிதில் விசையை அழுத்தாது என்றே நான் நம்புகிறேன்.

அருங்காட்சியகத்தில் போர்க்காட்சி ஒன்றைக் காண நேர்ந்தால், வென்றவனோடு நின்றுவிடாதீர்கள். வீழ்பவனின் முகத்தையும் தேடிப் பாருங்கள்.