திராட்சைக் கொடி கற்றுத் தந்த பாடம்



லயத்து வீட்டின் பின்புறம் நாம் பூசணியும் பீர்க்கும் ஊன்றி வளர்க்கிறோம். கொடி படர்ந்து பூவெடுக்கும் சமயத்தில், இலைகளில் மாவைத் தூவியதுபோல் வெள்ளைப் படலம் தோன்றுகிறது. பின்னர் இலை மஞ்சளித்துச் சருகாகிறது. இதுவே சாம்பல் நோய். தோட்டத்து மருந்தில் மீந்ததைக் கொண்டுவந்து அடித்தால் என்ன என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். வேண்டாம். களைக்கொல்லி என்றால் கொடியே கருகிவிடும். மரத்துக்கான பூசண மருந்து என்றால், அது காயில் எத்தனை நாள் தங்கும் என்று நமக்குத் தெரியாது. அந்தக் காயை உண்பவர்கள் நம் பிள்ளைகள்.

வேறு வழி உண்டா? திராட்சை பயிரிட்டவர்களின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1845ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மார்கேட் என்னும் ஊரில், டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சையில் இந்நோயைக் கண்டார். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளித்து அதை அடக்கினார். நம் பால்மரம் இலையுதிர்த்து இளந்துளிர் விடும்போது வருவதும் இந்த இனத்து நோய்தான். அதற்கும் கந்தகப் பொடியே தூவினார்கள்.

1878இல் பிரான்சில் வேறொரு நோய் பரவியது. இலையின் அடிப்புறத்தில் பூக்கும் அடிச்சாம்பல் நோய் அது. 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் மெடோக் பகுதியில் ஒரு புதுமையைக் கண்டார். எங்கும் இலைகள் உதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றன. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்க, உரிமையாளர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவற்றின் மேல் தெளித்திருந்தார்கள். அதை ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்டதே போர்டோ கலவை.

இயற்கை விவசாயத்தில் இன்றும் இதற்கு இடம் உண்டு. ஆனால் செம்பு மண்ணிலேயே தங்கிச் சேரும். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம், 7 ஆண்டுகளில் ஹெக்டருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. இயற்கை முறை என்றாலும் அளவு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

கந்தகமும் நம் ஊர் வெயிலில் பூசணி இலையைச் சுட்டுவிடும். அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

முதலில், காற்றும் வெயிலும் புக வேண்டும். திராட்சைக்காரர்கள் குலையைச் சுற்றிய இலைகளைக் கிள்ளிவிடுவார்கள். நாமும் கொடிகளை நெருக்கி நடாமல் பந்தலில் ஏற்றுவோம். காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்றுவோம். முதல் வெள்ளைப் புள்ளி கண்ட இலையைக் கிள்ளித் தூரத்தில் புதைத்துவிடுவோம்.

அடுத்தது பால். 1999இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெட்டியோல், பூசணி இனத்துச் செடிகளில் பாலை நீரில் கலந்து தெளித்துச் சாம்பல் நோயை அடக்கிக் காட்டினார். ஒரு கோப்பைப் பாலுக்கு ஒன்பது கோப்பை நீர் போதும். வெயில் ஏறும் காலையில், இலையின் இருபுறமும் நனைய, வாரம் ஒருமுறை தெளிக்கலாம். இனிப்புச் சேர்ந்த டின்பால் ஆகாது, எறும்பு மொய்க்கும். பட்டுப்போன இலை மீளாது. புதிய இலைதான் பிழைக்கும். ஆகவே நோய் கண்ட அன்றே தொடங்க வேண்டும்.

மருந்து டின் தோட்டத்துக் கொட்டகையிலேயே இருக்கட்டும். வீட்டுக் கொடிக்கு நம் கண்ணும் கையுமே முதல் காவல்.