பொறந்த இடத்தை விட்டுப் போகாத பெண்கள்

கடன், வட்டி பத்தி மத்தவங்க பேசிட்டாங்க. நான் பிரெய்ரி நாய் பத்திப் பேசுறேன்.

பேருதான் நாய். உண்மையில் அது அணில் இனம், சுமார் 1 கிலோ எடைதான். குரைக்கிற மாதிரி கத்துறதால நாய்னு பேர் வச்சிட்டாங்க. வட அமெரிக்காவில், புல்வெளியில் வளை தோண்டிக் கூட்டமா வாழுது.

கறுப்பு வால் ரகத்தில் ஒரு குடும்பம்னா பெரும்பாலும் 1 ஆண், 3, 4 பெண்கள், குட்டிகள். அந்தப் பெண்கள் எல்லாம் அம்மா, மகள், அக்கா, தங்கச்சி, சித்திதான். பெண் குட்டி கடைசிவரை பொறந்த இடத்திலேயே இருக்கும். ஆண் குட்டிதான் வளர்ந்ததும் வெளியே போகணும். (சிரிக்காதீங்க, நிஜம்தான்!) எதிரே பார்த்துக்கிட்டா வாயோடு வாய் வச்சு முத்தம் கொடுத்து, நம்ம சொந்தமானு தெரிஞ்சுக்கும். பருந்து வந்தா பார்த்தது கத்தும், மத்தது வளைக்குள் ஓடும்.

ஒரு விஷயம்தான் எனக்கு மனசு ஆறலை. ஜான் ஹூக்லேண்ட் என்கிற ஆராய்ச்சியாளர் பல வருஷம் கவனிச்சு எழுதியிருக்கார். பால் கொடுக்கிற தாயே, கூடப்பிறந்தவள் வளைக்குள் புகுந்து அவள் குட்டிகளைக் கொன்னுடுமாம். அதனால குட்டி போட்டவள் தன் வளையை யாரையும் அண்ட விடாம காவல் காப்பாள். சுமார் 6 வாரத்தில் குட்டிகள் மேலே வந்ததும் அந்தப் பகை தணிஞ்சிடும். அதுக்கப்புறம், பக்கத்து வளைக் குட்டி வந்து வாய் வச்சாலும் அதே தாய் பால் கொடுப்பாள்.