மோட்டாரின் தகட்டையும் படிப்போம்

(தொழிற்சாலைப் பகுதித் தொழிலாளர்களுக்காகச் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்க வகுப்பு என்றால் சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்றுதான் பேசுவோம். இன்று மின்சார மோட்டாரைப் பற்றிப் பேசப் போகிறேன். “அது இன்ஜினியர் ஐயா பார்க்கும் வேலை, சங்கத்துக்கு அதில் என்ன?” என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

மோட்டாரைத் தெரிவு செய்வது காரியாலயத்தில். அதன் பக்கத்தில் நிற்பது நாங்கள். வாட்டும் தொட்டியின் விசிறி நள்ளிரவில் நின்றால், குவித்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். காலையில் கேட்கப்படும் முதற்கேள்வி, “ராத்திரி வேலையில் நின்றது யார்?” என்பதுதான். அந்த இடத்துக்கு அந்த மோட்டார் ஏற்றதுதானா என்று எவரும் கேட்பதில்லை. அதை நாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மோட்டார் எரிந்ததும் பெரும்பாலும் “10 குதிரைவலு மோட்டார் ஒன்று” என்று மட்டும் எழுதி ஓடர் போகும். கால் அளவு சொல்லாமல் சப்பாத்து வாங்குவதைப் போன்றது இது. வலுவோடு வேகமும் வேண்டும். அதற்குமேல் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும்: உடல் அளவு, பொருத்தும் முறை, உறை. மூன்றும் மோட்டாரின் மேல் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் எழுதப்பட்டிருக்கும்.

உடல் அளவு

தகட்டில் 132 எம், 160 எல் என்று ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 132 என்றால், மோட்டாரின் பாதம் வைத்திருக்கும் தளத்திலிருந்து சுழலும் தண்டின் நடுப்புள்ளி வரை 132 மில்லிமீற்றர். எஸ், எம், எல் என்ற எழுத்துகள் உடம்பு குட்டையா, நடுத்தரமா, நீளமா என்று சொல்லும். இது சர்வதேச அளவு. எந்த நாட்டுக் கொம்பனி செய்தாலும் 132 என்றால் தண்டின் உயரம் ஒன்றுதான்.

ஆனால் வலு ஒன்றானால் உடம்பும் ஒன்று என்று நினைக்கக்கூடாது. ஏறத்தாழ 10 குதிரைவலு என்பது 7.5 கிலோவாட். நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்றுச் சுற்றும் 7.5 கிலோவாட் மோட்டார் வழக்கமாக 132 எம் உடம்பில் வரும். அதே வலு, சுமார் 970 சுற்று என்றால் 160 எம் உடம்பு வேண்டும். தண்டு 28 மில்லிமீற்றர் மேலே போய்விடும். தண்டின் கனமும் 38 மில்லிமீற்றரிலிருந்து 42 ஆகும். பாதத்தின் பொல்ட் ஓட்டைகளும் பழைய இடத்தில் வராது. எங்கள் தொழிற்சாலைகளில் அங்குலக் கணக்கில் செய்த பழைய இங்கிலாந்து மோட்டார்கள் இருந்தால், அவற்றின் இடத்தில் புதியது நேராக உட்காராது.

உட்காராத மோட்டாரை அவசரத்தில் எப்படி உட்கார வைக்கிறார்கள்? பாதத்தின் கீழே பலகைத் துண்டைச் செருகுகிறார்கள். ஓட்டையை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். பிறகு மோட்டார் அதிரும், பெயாரிங் தேயும், பாதம் வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தண்டின் இடம் மாறினால் புலியின் இடமும் மாறும். பழைய பெல்ட் காவல் கூடு பொருந்தாது. “அப்புறம் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்” என்று கூட்டைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு மெஷினை ஓட்டச் சொல்வார்கள். அந்த “அப்புறம்” எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விரல் போவதும் சேலை முந்தானை சிக்குவதும் அந்த இடைவெளியில்தான். பிழையான உடல் அளவில் வாங்கிய மோட்டார் கடைசியில் ஒரு தொழிலாளியின் கையைக் கேட்கும் என்பதை மறக்கக்கூடாது.

பொருத்தும் முறை

பாதத்தில் நிற்பது பி 3. பாதமில்லாமல், முன்பக்கத்து வட்டத் தட்டால் மெஷினோடு பொல்ட் போட்டு நிற்பது பி 5. இரண்டும் உள்ளது பி 35. தண்டு கீழே பார்க்கத் தட்டால் செங்குத்தாக நிற்பது வி 1.

படுத்து ஓடச் செய்த மோட்டாரை நிமிர்த்தி வைத்தால் என்ன என்று கேட்கலாம். பெயாரிங் தாங்க வேண்டிய பாரம் மாறும். தண்ணீர் வடியும் துளை கீழே இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் அது பக்கவாட்டுக்கோ மேலேயோ போய்விடும். பிறகு உள்ளே சேரும் ஈரம் வெளியே வராது. தண்டு கீழே பார்க்க நிற்கும் மோட்டாரின் குளிர்விக்கும் விசிறி மேற்பக்கம் இருக்கும். அதற்கு மேல் ஒரு குடை மூடி இல்லாவிட்டால் தண்ணீரும் குப்பையும் நேராக விசிறிக்குள் விழும்.

பெல்ட் போட்டு ஓட்டும் மோட்டாருக்குக் கீழே இழுவைத் தண்டவாளம் வேண்டும். அது இருந்தால் பெல்ட்டை அளவாக இறுக்கலாம். இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சி இறுக்குவார்கள், அல்லது வழுக்கும் பெல்ட்டோடு ஓட்டுவார்கள். முதலாவதில் பெயாரிங் போகும். இரண்டாவதில் பெல்ட் சூடேறும்.

உறை

ஐ.பி. என்ற எழுத்துக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசிக்கும் விரலுக்கும், இரண்டாவது தண்ணீருக்கும். ஐ.பி. 23 என்றால் விரல் உள்ளே போகாது, மேலிருந்து சாய்வாக விழும் தூறலைத் தாங்கும். தூசிக்குத் தடையே இல்லை. அறையின் காற்றையே உள்ளே இழுத்துக் குளிரும் திறந்த வகை அது. ஐ.பி. 55 மூடிய வகை. கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசி போகாது, குழாயால் பீச்சும் தண்ணீரையும் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தூசி அறவே நுழையாது.

இனி எங்கள் தொழிற்சாலைக்குள் நடந்து பார்ப்போம்.

வாட்டும் பகுதியில் ஈரக் காற்று. விசிறியின் காற்றோட்டத்துக்குள்ளேயே உட்காரும் மோட்டார் சில, சொந்த விசிறி இல்லாமல் அந்தக் காற்றிலேயே குளிரும்படி செய்யப்பட்டவை. அதைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் சூடேறி எரியும்.

ரோலர் பகுதியிலும் புளிக்க வைக்கும் பகுதியிலும் ஈரப்புகை விடுகிறோம், தரையைக் கழுவுகிறோம். அங்கே ஐ.பி. 55 வேண்டும். வயர் நுழையும் இடத்தில் சரியான இறுக்கி இல்லாமல் துணியைத் திணித்து வைத்தால், தகட்டில் 55 என்று எழுதியிருப்பதில் பயனில்லை. தண்ணீர் அந்த வழியாகவே போகும். மின்சாரம் அந்த வழியாகவே வெளியே வரும். மண்ணோடு இணைக்கும் கம்பி அறுந்திருந்தால் ஈரக்காலோடு நிற்பவரின் உயிர் போகலாம்.

டிரையர் பக்கம் சூடு. சாதாரண மோட்டார், சுற்றியுள்ள காற்று 40 பாகை செல்சியஸ், இடத்தின் உயரம் 1,000 மீற்றர் என்ற எல்லை வரைக்குமே கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்று மெலியும், மோட்டார் குளிர்வது குறையும். 1,000 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுற்றுச்சூடு ஏறத்தாழ ஒரு பாகை குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்கள் மலைக்குளிர் அதை ஈடுகட்டும். ஆனால் அடுப்பின் பக்கத்தில் மலைக்குளிர் இல்லை. அங்கே வலுக்கூடிய மோட்டாரோ, கூடிய சூடு தாங்கும் மோட்டாரோ தேவை. சுருளின் சூடு 10 பாகை கூடினால் அதன் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளோர் சொல்லும் கணக்கு.

சலிக்கும் அறையில் பஞ்சுபோன்ற தேயிலைத் தூசி. அங்கே திறந்த ஐ.பி. 23 மோட்டார் அடியோடு ஆகாது. மூடிய மோட்டாரின் விலா மடிப்புகளிலும் தூசி படிந்தால் கம்பளி போர்த்தியது போலாகும். தேயிலைத் தூசி எரியக்கூடியது. காற்றில் அடர்ந்து பறந்தால் வெடிக்கவும் கூடும். ஆகவே காற்றுக்குழாயால் ஊதித் துப்புரவு செய்யக்கூடாது. சுவிட்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, உறிஞ்சியெடுக்க வேண்டும்.

எரிந்த மோட்டார் புதிதாகச் சுற்றி வரும்போது பின்விசிறியின் மூடி, ரப்பர் அடைப்பு, வயர்ப் பெட்டியின் மூடி எல்லாம் திரும்பி வந்தனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அது பழைய ஐ.பி. 55 அல்ல. பின்விசிறியின் மூடி அழகுக்கு வைத்ததல்ல. அது விரலுக்கும் காவல்.

நாம் கேட்க வேண்டியவை

ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காவல் போடுவது முதலாளியின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. விபத்துக்கு நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு விரலைத் திருப்பித் தராது. ஆகவே முன்கூட்டியே கேட்போம்.

முதலாவது, ஒவ்வொரு மோட்டாரின் தகட்டையும் பார்த்து வலு, வேகம், உடல் அளவு, பொருத்தும் முறை, ஐ.பி. இலக்கம், நிற்கும் இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கும்படி தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஓடர் எழுதும்போது அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதட்டும்.

இரண்டாவது, மோட்டார் மாறிய அன்றே காவல் கூடும் மாட்டப்பட வேண்டும். கூடு இல்லாமல் மெஷினை ஓட்டச் சொன்னால், தனியாக நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். உடனே தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் அறிவியுங்கள். கமிட்டி எழுத்தில் துரைக்குக் கொடுக்கட்டும். பதில் இல்லாவிட்டால், தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு மாவட்டக் காரியாலயத்தின் மூலம் எழுதுவோம்.

மூன்றாவது, மோட்டார் எரிந்ததற்காக எவருக்கேனும் எச்சரிக்கைக் கடிதம் வந்தால், விசாரணைக்குப் போகும் முன் அந்தத் தகட்டை எழுதிக்கொண்டு போங்கள். சலிக்கும் அறையில் ஐ.பி. 23 நின்றிருந்தால் அதுவே நமது சாட்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தகட்டைப் படிப்பது நமது வேலை; மூடியைக் கழற்றுவது எலக்ட்ரீஷியனின் வேலை. ஓடும் மெஷினுக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். மெஷின் நிற்கும் நேரத்தில், டீமேக்கருக்குச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் வேலை செய்யும் இடத்து மோட்டாரின் ஐ.பி. இலக்கத்தை ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.