துபாய் போக எத்தனை மணி நேரம்?

(மல்லாங்கிணறு கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணியாளர் பேசியது)



நம் குழு அக்கா ஒருத்தர் மகனைத் துபாய்க்கு அனுப்பினார். மதுரையில் காலை 10 மணிக்கு விமானம். 12.45-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. பையன் இறங்கியதும் மீதி 10,000 ரூபாய் தரணும் என்று ஏஜென்டுடன் பேச்சு. சரியாக ஒரு மணிக்கு ஏஜென்ட் வீட்டு வாசலில் நின்றார். "பையன் இறங்கிட்டான், பணத்தைக் கொடுங்க" என்றார். குழுக் கடனில் வாங்கிய பணம். அக்கா கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பையன் எங்கே இருந்தான்? சொல்லுங்க பார்ப்போம். வானத்தில் இருந்தான்! இறங்க இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருந்தது. நாலு மணிக்குப் போன் வந்தது, "கூட்டிட்டுப் போக யாரும் வரலம்மா" என்று. ஏஜென்டைக் கேட்க அக்கா கையில் இருந்த ஒரே பிடி அந்தப் பணம்தான். அதுவும் போச்சு. பக்கத்தில் இருந்த நாங்களும் அன்று டிக்கெட்டைச் சரியாகப் படிக்கவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம்ம ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம். ஒரு சுற்று 360 பாகை. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிஷம். நம் நாட்டு நேரம் 82½ பாகைக் கணக்கு, துபாய் நேரம் 60 பாகைக் கணக்கு. வித்தியாசம் 22½. நாலால் பெருக்குங்க: 90 நிமிஷம். நமக்கு விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே அதே மணி அடிக்கும்.

ஆக, அங்கே 12.45 என்றால் நமக்கு 2.15. பயணம் நாலேகால் மணி நேரம். தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து சென்னை போல ஆறு மடங்கு. திரும்பி வரும்போது அங்கே 1 மணிக்குக் கிளம்பி இங்கே 6.15-க்கு இறங்கினால் அஞ்சேகால் மணி நேரம் என்று நினைக்காதீங்க. மூணே முக்கால்தான். மேற்கே இருந்து வீசும் மேல்காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும்.

மனதில் வையுங்கள்:

துபாய் என்றால் இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டணும். சிங்கப்பூர், மலேசியா என்றால் இரண்டரை மணி கழிக்கணும்.

இடையில் விமானம் மாறினால் டிக்கெட்டில் கடைசியாக உள்ள இறங்கும் நேரத்தைப் பாருங்க.

இறங்கினதும் வெளியே வந்துவிட முடியாது. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எடுப்பது என்று இரண்டு மணி நேரம் சேர்த்துக்கோங்க. அதுவரை போன் வரலைன்னு அழ வேண்டாம்.

ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று முதலிலேயே கேளுங்க.

பிள்ளை வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அவன் குரலை நம் காதால் கேட்ட பிறகே மீதிப் பணம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு யார் வீட்டிலாவது பழைய டிக்கெட் இருந்தால் கொண்டு வாங்க. எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது பெரிய கணக்கா?