மலைக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க: ஊட்டி முகாமும் டெல்டா ஓட்டக்காரர்களும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

தஞ்சாவூர்ல இருந்து பேசுறேன். போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "சார், என் பையன் 5000 மீட்டர் ஓடுறான். ஊட்டியில ஒரு மாசம் விட்டா டைமிங் குறையுமா?" நெடுந்தூர ஓட்டக்காரர்களை மலைக்கு அழைச்சுட்டுப் போய்ப் பயிற்சி முகாம் நடத்துறதுதான் பல வருஷமா என் வேலை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்ல என்னால முடியாது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 60 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். அந்த வருஷம் 10,000 மீட்டர்ல கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வாங்கினார். அந்த தூரத்துல உலக சாதனையைக் கையில வெச்சிருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதா வந்து, கோட்டைத் தாண்டினதும் சுருண்டு விழுந்தார். உயரம்னா என்னன்னு உலகமே பார்த்த நாள் அது.

மலைக்காத்துலயும் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா காத்தழுத்தம் ஊட்டியில முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலா, அவ்வளவுதான் இருக்கும். மூச்சு இழுத்தாலும் ரத்தத்துல சேர்ற ஆக்சிஜன் குறைவு. அதைக் கண்டுக்கிட்டு சிறுநீரகம் ஈபிஓ என்கிற ஹார்மோனை அதிகமாச் சுரக்குது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி சிவப்பணுக்களைக் கூட்டுது. இதுக்கு மூணு, நாலு வாரமாவது வேணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை ரொம்ப சுலபமாப் புரியவைக்கலாம். நாத்துப் பறிச்சு நட்டதும் பயிர் உடனே பச்சையா நிக்குமா? சில நாள் வெளுத்து, தலை சாஞ்சுதான் நிக்கும். வேர் பிடிச்ச பிறகுதான் பச்சை கட்டும். மலையில முதல் வாரம் ஓட்டக்காரனும் அப்படித்தான். தூக்கம் சரியா வராது, வாய் வறண்டு போகும், கீழ ஓடுற வேகத்துல ஓடினா மூச்சு முட்டும். அந்த வாரத்துல வாட்சைப் பார்த்துத் திட்டுற கோச் பயிரைப் பிடுங்கிப் பார்க்கிற ஆள் மாதிரி.

இன்னொரு சிக்கல் இருக்கு. 1997-ல அமெரிக்காவுல லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில ரொம்பப் பிரபலம். 2,500 மீட்டர்ல தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து பயிற்சி எடுத்தவங்களுக்கு 5000 மீட்டர்ல சராசரியா 13 செகண்ட் குறைஞ்சுது. தங்கினதும் ஓடினதும் மேலேயேன்னு இருந்தவங்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கல. ஏன்னா மேல வேகமா ஓட முடியாது, கால் வேகத்தை மறந்துடுது. அப்போ ஊட்டியில தங்கி, வேகப் பயிற்சிக்கு மேட்டுப்பாளையம் இறங்கணும். அம்பது கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள். வேன்ல வாந்தி எடுத்துட்டு இறங்குற பிள்ளை எப்படி இன்டர்வல் ஓடும்? அதனால நாங்க வாரத்துக்கு ஒரு நாள்தான் இறங்குவோம். முந்தின ராத்திரியே இறங்கித் தூங்கி, விடியக்காலையில ஓடிட்டு ஏறிடுவோம்.

இப்ப நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு பொண்ணு. புது ஆத்துக் கரையில ஓடி வளர்ந்தவ, நல்ல ஓட்டம். அவளைக் கூட்டிட்டுப் போறப்ப ரத்தப் பரிசோதனையை 'வந்து பார்த்துக்கலாம்'னு விட்டுட்டேன். ரெண்டாவது வாரம் மெதுவா ஓடவே திணறினா. சோம்பேறித்தனம்னு நினைச்சுத் திட்டினேன். மூணாவது வாரம் பரிசோதிச்சா ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேமிச்சு வெச்சிருக்கிற இரும்புச்சத்தோட அளவு, அடிமட்டத்துல இருந்துது. மலை சிவப்பணு செய்யச் சொல்லுது, உள்ள சரக்கு இல்ல. மாநிலப் போட்டி போச்சு.

அவளைக் கொண்டுபோய் வீட்ல விட்டேன். அவங்க அப்பா நகையை அடகு வெச்சுப் பணம் கட்டியிருந்தார். கோபப்படல. "தம்பி, நாத்து விடுறதுக்கு முன்னாடி மண்ணைப் பார்க்க மாட்டோமா?"ன்னு மட்டும் கேட்டார். இன்னைக்கும் அது காதுல இருக்கு.

அதுக்கப்புறம் என் முகாமுக்கு மூணு விதி. ஒண்ணு, கிளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடி ரத்தப் பரிசோதனை. குறைவா இருந்தா டாக்டர் பார்த்து மாத்திரை, அளவு ஏறின பிறகுதான் மலை.

ரெண்டு, 'ஒரு குளுக்கோஸ் ஏத்தினா தெம்பாயிடும்'ங்கிற பேச்சே கூடாது. 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல நரம்பு வழியா ஏத்துறது ஊக்கமருந்து விதிப்படி தடை. ஆஸ்பத்திரி சிகிச்சை மாதிரி சில விலக்குதான் உண்டு.

மூணு, முகவரி. பரிசோதனைப் பட்டியல்ல இருக்கிற வீரர் தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்பார்னு முன்கூட்டியே பதியணும். தஞ்சாவூர்ல பதிஞ்சுட்டு ஊட்டியில இருந்தா, பரிசோதகர் வந்து பார்க்கும்போது ஆள் இல்லன்னு கணக்கு. 12 மாசத்துல மூணு தடவை அப்படி ஆனா தடை வரும். இதுக்குக் கடைசிப் பொறுப்பு வீரரோடதுதான்.

கீழ இறங்குறதும் ஒரு கணக்குத்தான். இறங்கின ரெண்டு, மூணு நாள்ல ஓடணும், இல்லன்னா ரெண்டு வாரம் பொறுக்கணும்னு பல கோச்சுங்க சொல்வாங்க. எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி இல்ல, நோட்டுல எழுதி வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். மே மாச ஊட்டியில இருந்து மே மாச தஞ்சாவூர் வெயில்ல இறங்கினா, அந்த வெயிலுக்கும் உடம்பு பழகணும்.

பக்கத்து மாவட்டத்தையே பாருங்க. புதுக்கோட்டையில பயிற்சியாளர் லோகநாதன்கிட்ட சமவெளியில ஓடித்தான் லட்சுமணனும் சூர்யாவும் வந்தாங்க. 2016 தெற்காசியப் போட்டியில சூர்யா 5000, 10,000 ரெண்டுலயும் தங்கம். 2017 புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்ல லட்சுமணனும் அதே ரெண்டுலயும் தங்கம். 2018 ஆசிய விளையாட்டுல அவர் 10,000 மீட்டர் ஓடி மூணாவதா வந்தும், தடத்தைத் தாண்டிக் கால் வெச்சதா வெண்கலத்தைப் பறிச்சாங்க. 25 சுத்து ஓட்டம் ஒரு அடியில போச்சு. இந்த ஓட்டத்துல சின்ன விஷயம்னு எதுவுமே கிடையாது.

அந்த ஒரத்தநாட்டுப் பொண்ணு? அடுத்த வருஷம் ரத்தம் சரியான பிறகு அவளே கேட்டு வந்தா. இறங்கி ஓடினப்ப 11 செகண்ட் குறைஞ்சுது. மலையாலயா, இரும்புச்சத்தாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. அவங்க அப்பாவுக்கு அந்தக் கவலையும் இல்ல. அடகு நகையைத் திருப்பிட்டேன்னு போன் பண்ணிச் சொன்னார்.

அதனால பையனை மலைக்கு அனுப்பணும்னு கேட்டவங்களுக்கு என் பதில்: முதல்ல அவனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்க. ரிசல்ட்டைப் பார்த்துட்டு மத்ததைப் பேசுவோம். அடுத்த எபிசோட்ல முகாம் சாப்பாடு பத்திப் பேசலாம்.